நிறுத்தும் அதிகாரம்

“நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க சார்,” என்றாள் வழக்கறிஞர் வித்யா.

வெங்கடேஷ் எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. கீழே சிங்கப்பூர் தேக்காச் சந்தையின் இரைச்சல் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

தன் சார்பில் முடிவெடுக்க இன்னொருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பவரிடம் வழக்கறிஞர் தனியாகப் பேசியாக வேண்டும். யாராவது மிரட்டியோ ஏமாற்றியோ கூட்டி வந்திருக்கலாம்.

சந்திரமதி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபத்தாறு வயது. பூன் லே பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிளமெண்டியில் ஈரறை வீடு. அவளும் தொலைக்காட்சியும்தான்.

ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, கைப்பேசியைக் கண்ணாடியை நோக்கிப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். இந்தத் திருப்பத்தில் முன்பு என்ன கடை இருந்தது, அந்த அடுக்குமாடி பிளாக்கில் யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்த நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கினால் நனையவே மாட்டோம்.

வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால்தான் பேசினாள். பேசியதை வீடியோவாக யூடியூபில் போட்டாள்.

இன்று அந்தச் சானலை லட்சம் பேருக்கு மேல் பார்க்கிறார்கள். விளம்பரம் வருகிறது. அவள் பெயரில் பதிவு செய்த தொழில் அது.

போன மாதம் டாக்டர் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, மறதி நோயின் தொடக்கம் என்றார். இன்னும் முடிவெடுக்கும் நிலையில்தான் இருக்கிறீர்கள், செய்ய வேண்டியதை இப்போதே செய்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

வித்யா பத்திரத்தைப் புரட்டினாள். உங்களால் முடியாமல் போகும்போது வெங்கடேஷ் சானலை எடுத்து நடத்துவார், அப்படித்தானே என்று கேட்டாள்.

“நடத்த வேண்டாம்மா. நிறுத்தினா போதும்.”

அதைச் சொல்லத்தான் சந்திரமதி நாலைந்து நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். ஒருநாள் அவளுக்கு ஊர் பேர் தெரியாமல் போகும். ஆனால் கை பழக்கத்தில் பொத்தானை அமுக்கும். வாய் ஏதோ பேசும். இறங்க வேண்டிய இடம் தெரியாமல் பஸ்ஸில் அழுதாலும் அழுவாள். அதையும் லட்சம் பேர் பார்ப்பார்கள். அதை நீக்கிவிட, சானலைப் பூட்டிவிட்டுச் சாவியை வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

வித்யா தலையசைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வெங்கடேஷ் சொந்தமா?

இல்லை.

நண்பரா?

அதுவும் இல்லை. இன்றைக்குத்தான், கீழே படிக்கட்டில்தான், அவர் முகத்தையே முதன்முதலில் பார்த்தாள்.

வித்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஆன்ட்டி, பயப்படாம சொல்லுங்க லா. அவர் உங்கள ஏதாச்சும் கட்டாயப்படுத்துறாரா?”

சந்திரமதிக்குச் சிரிப்பு வந்தது. மாட்டேன் என்றவரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தது அவள்தான்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தம்பி மகன் இருக்கிறான். ‘ஆன்ட்டி வீடியோ சூப்பர்’ என்று வாரம் தவறாமல் அனுப்புவான். அவன் மனைவி சுஷ்மிதா இதயம் போடுவாள். சானலில் அம்மா என்றும் அக்கா என்றும் அழைப்பவர்களுக்குக் கணக்கே இல்லை. அவர்களை எல்லாம் விட்டுவிட்டு இவர் ஏன் என்று வித்யா கேட்காமலே அவளுக்குப் புரிந்தது. கைப்பேசியைத் திறந்து நீட்டினாள்.

ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே வெங்கடேஷின் பின்னூட்டம் இருந்தது. ஒன்றில்கூட நல்ல வார்த்தை இல்லை. அந்த நிறுத்தம் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தது. அது ஆலமரம் இல்லை. ஆண்டு தப்பு. பேசும்போது கைப்பேசியை ஆட்டாதீர்கள், தலை சுற்றுகிறது.

ஒருமுறை பஸ் கேலாங் பக்கம் போனபோது சந்திரமதி, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று தொடங்கி, இளம் வயதில் சிவன் கோயில் வாசலில் ஒருவருக்காகக் காத்திருந்ததைச் சொன்னாள். அவர் வரவே இல்லை. சொல்லி முடித்துச் சிரித்தாள். கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். அழவைத்துவிட்டீர்கள் அக்கா என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அதற்கு நடுவில் வெங்கடேஷ் எழுதியதைப் படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பார்வையாளர்கள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அவளும் அப்போதே அவரை பிளாக் செய்தாள்.

ஆனால் மனம் ஆறவில்லை. பழைய வீடியோக்களைத் தேடிப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவருக்குப் போட்ட தடையை நீக்கிவிட்டு டாக்டரிடம் போனாள்.

வித்யா திரையைப் பெரிதாக்கி அந்தப் பின்னூட்டத்தைப் படித்தாள்.

‘மேடம், கேலாங் கதையை இந்த மாசத்துல மூணாவது தடவையா சொல்றீங்க. ஒரு வார்த்தை மாறல. யார்கிட்டயும் சொன்னதில்லைன்னு மூணு தடவையும் சொல்றீங்க. கூட யாராவது இருந்தா அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. இல்லைன்னா டாக்டரப் பாருங்க.’

வித்யா விரலால் மேலே தள்ளினாள். மற்ற இரண்டு வீடியோக்களையும் பார்த்தாள். அவற்றின் கீழும் அதே ஆட்கள், அதே இதயங்கள். அழவைத்துவிட்டீர்கள் அக்கா.

கைப்பேசியை மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

வெங்கடேஷ் வாசலிலேயே தயங்கி நின்றார். சந்திரமதி பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.