ஓரம் மடிக்காத சணல்

மெங் ஷூ மண்டியிட்டபோது தட்டிலிருந்த தேநீர்க் கிண்ணம் கடகடவென்று ஆடியது.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் கை நடுங்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

“இப்பவே பொண்டாட்டி பயம் வந்துருச்சு பாரு!” என்றார் பெண்ணின் பெரியப்பா.

எதிரே நாற்காலியில் லுவோ பெய்ஷான். வாள்வித்தையில் பேர்போன மனிதர். இன்னும் சற்று நேரத்தில் மாமனார். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஆற்றுத்துறையில் மெங் ஷூவின் அப்பாவை வெட்டிப்போட்டவரும் அவரேதான்.

அன்று மெங் ஷூவுக்கு ஏழு வயது. ஓரம் மடித்துத் தைக்காத முரட்டுச் சணல் துணியை அவனுக்குப் போர்த்தினார்கள். அதே துணியில் கிழித்து அம்மாவுக்கும் போர்த்தினார்கள். தூரத்து உறவுகளின் துக்க உடைக்குத்தான் ஓரம் தைப்பார்கள். அந்தத் துணி இரண்டு மாதம் அவன் கழுத்தை அறுத்துக்கொண்டே இருந்தது.

வேறு பெயரில் லுவோவிடம் சீடனாகச் சேர்ந்து இரண்டு வருடம் காத்திருந்தான். வாளால் அவரை நெருங்க முடியாது. மகள் சூயின் ஊற்றிக் கொடுத்தால் தவிர யார் கையிலும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆனால் மாப்பிள்ளை மண்டியிட்டு நீட்டும் தேநீரை மறுக்க எந்த மாமனாராலும் முடியாது.

அதற்காகத்தான் சூயினிடம் பேச்சுக் கொடுத்தான். பேச்சு எப்போது பொய்யில்லாமல் போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

இடது சட்டைக்கையின் மடிப்புக்குள் மெழுகுருண்டை இருந்தது. நசுக்கினால் தூள். தூளைத் தின்றவனுக்கு முதலில் நாக்கு மரக்கும், பிறகு விரல்கள். ஒரு ஊதுபத்தி எரிந்து முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவான். விஷமுறிவு கிடையாது. உருண்டையோடு, சிறுவயதில் போர்த்திய சணலில் கிழித்த ஒரு துண்டையும் வைத்துத் தைத்திருந்தான். அதில் அப்பாவின் பெயர் இருந்தது.

கிண்ணத்தின் மூடியைத் திறக்கும் சாக்கில் மடிப்பைத் தடவினான். நூலை நெம்பி உருண்டையை உள்ளங்கைக்கு எடுத்தபோதுதான் விரலில் பட்டது.

தையல் அவனுடையது இல்லை.

அவனுடையது கோணல்மாணலான தையல். இது பொடியாக, வரிசையாக ஓடியது. கல்யாண உடுப்பின் அளவைச் சரிபார்க்க மூன்று நாள் முன்பு சூயின் வாங்கிப் போயிருந்தாள்.

அப்படியானால் பார்த்துவிட்டாள். சணல் துண்டிலிருந்த பெயரையும் படித்திருப்பாள். அந்தப் பெயர்க்காரனை வென்ற கதையைத்தான் லுவோ ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பார்த்தும் அப்பாவிடம் சொல்லவில்லை. உருண்டையை எடுத்தெறியவும் இல்லை. ஏன்?

பக்கத்தில் மண்டியிட்டிருந்தவளைக் கடைக்கண்ணால் பார்த்தான். முகத்தை மூடிய சிவப்பு முக்காடு அசையவில்லை. பாவாடை சற்று விலகியிருந்தது. அடியில் சணல் தெரிந்தது. நூல் பிரிந்து தொங்கும், ஓரம் மடிக்காத சணல்.

கல்யாணத்தன்று, சிவப்புப் பட்டுக்கு அடியில், துக்க உடை.

அப்பா சாவார் என்று தெரிந்தே வந்திருக்கிறாள். முடிவை என் கையில் விட்டிருக்கிறாள். பைத்தியக்காரி.

நசுக்கவேண்டிய உருண்டையை அப்படியே உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். செத்துப்போன தன் அப்பாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டான். கிண்ணத்தை வெறுந்தேநீராகவே நீட்டினான்.

“அப்பா... தேநீர் குடிங்க.”

பதினெட்டு வருடம் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதும் கண் கலங்கிவிட்டது.

“கை ஏன்டா இப்பிடி ஆடுது? வாள் புடிக்கிற கைதானே?” என்றபடி லுவோ வாங்கி மடமடவென்று குடித்தார். கூடம் கைதட்டியது.

முடிந்தது. இனி பயமில்லை. சூயினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

கை மட்டும் ஏன் இன்னும் ஆடுகிறது?

நாக்கால் உதட்டைத் துடைக்கப் பார்த்தான். நாக்கு இருக்கும் இடமே தெரியவில்லை. வாசலில் குடித்த கசப்பு இன்னும் போகவில்லை என்று நினைத்தான்.

கூடத்துக்குள் வருமுன், வாசலில் பெண்வீட்டுக் குமரிகள் கதவை மறித்து நின்று, கசப்பு வேர்க் கஷாயம் ஒரு கிண்ணம் கொடுத்திருந்தார்கள். கசப்பை விழுங்கிய பிறகுதான் மாப்பிள்ளைக்கு வழி. எல்லாக் கல்யாணத்திலும் உண்டு.

“அத்தான், ஒரே மடக்கு! ஒரு சொட்டு சிந்துனாலும் பொண்ணு கெடையாது. அக்கா தன் கையாலயே கலக்குனதாக்கும்!”

சிரித்துக்கொண்டே ஒரே மடக்கில் குடித்திருந்தான்.

இப்போது அந்தச் சணலை மறுபடி பார்த்தான். மகனுக்கும் மகளுக்கும் மட்டுமா அதைப் போர்த்துகிறார்கள்? அம்மாவும் அதையே போர்த்தியிருந்தாள். அவளுக்குச் செத்தது புருஷன்.

தூள் எங்கே போயிற்று என்று புரிந்துவிட்டது. உருண்டைக்குள் இப்போது அரிசிமாவோ என்னவோ.

கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவனும் அப்பாவைத்தான் காப்பாற்றியிருப்பான். ஒன்றே ஒன்றுதான் அவனைப் பதறவைத்தது. நான் மனம் மாறியது இவளுக்குத் தெரியக் கூடாது. கொல்ல வந்தவனைக் கொன்றதாகவே இருக்கட்டும்.

உள்ளங்கையை இறுக்கினான். விரல்கள் கேட்கவில்லை, தாமாக விரிந்தன.

உருண்டை கல்தரையில் விழுந்து சூயின் பக்கம் உருண்டது. கையை வைத்து மறைக்கப் பார்த்தான். கை வரவில்லை.

முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தால் தரை மட்டும்தான் தெரியும்.

சூயின் குனிந்து அதை எடுத்தாள். மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை.