கோடிட்ட இடத்தில் ஒரு கணவன்

மனைவியின் கைப்பையில் தலைவலி மாத்திரை தேடிய லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் மடித்த காகிதம் ஒன்று சிக்கியது. பிரித்தார். முதல் வரியிலேயே முகம் மாறிவிட்டது.

'அவன் தினமும் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறான்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதில் 'போடுகிறான்' மட்டும் மனைவியின் கையெழுத்து. மெக்கானிக் மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். துண்டு அங்கேதான் கிடந்தது.

லிஃப்ட் கம்பெனிக் கையேடுகளோடு இருபது வருடம் மல்லுக்கட்டியதில், ஆங்கிலம் பேச வராவிட்டாலும் படித்தால் புரியும் அவருக்கு. மேலே படித்தார். மனைவி வாயைத் திறந்தால் அவன் செய்தித்தாளை விரிக்கிறான். குறட்டை விடுகிறான், கேட்டால் இல்லவே இல்லை என்கிறான். மிச்சமிருக்கும் நாலு முடியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு இழுத்துச் சீவுகிறான்.

கோடிட்ட இடம் ஒவ்வொன்றிலும் மனைவி பிசகாமல் வினைச்சொல்லை எழுதியிருந்தாள். ஒவ்வொரு குற்றத்துக்கும் பக்கத்தில் அவளுடைய ஆங்கில வகுப்பு வாத்தியார் சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தார்.

மெக்கானிக் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிரஷ் மாதிரி அடர்த்தியான முடி. 'ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு முடியை மட்டும் மாத்தியிருக்கா' என்று முடிவுகட்டினார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கேயே வரவேற்பு மேசைக்கு மாற வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். அதற்காகத்தான் வாரம் மூன்று நாள் சாயங்காலம் நூலக மாடியில் நடக்கும் இலக்கண வகுப்புக்குப் போய்வந்தாள்.

அன்று சாப்பிடும்போது மெல்லப் பேச்சுக் கொடுத்தார். "கிளாஸ்ல என்னதான் சொல்லித் தர்றாங்க?"

"வாத்தியாரே குட்டிக் கதையா எழுதிட்டு வருவாருங்க. நடுநடுவுல கோடு போட்டு விட்டிருப்பாரு. நாங்க நிரப்பணும்."

"கதை நல்லா இருக்குமோ?"

"ஐயோ, சிரிச்சு சிரிச்சு வயித்து வலியே வந்துடும்! அதுல ஒரு ஆளு வருவான். பதினெட்டு பேரும் சேந்து அவனைக் கிழிகிழின்னு கிழிப்போம்."

மெக்கானிக் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். இவள் போய்ச் சொல்லாமல் வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு பேர் முன்னால் மானம் கப்பலேறிவிட்டதே!

சண்டை போடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் எழுதியிருந்ததில் எதைப் பொய் என்று சொல்வது? மறுநாள் துண்டு கொடியில் காய்ந்தது. மனைவி ஜன்னல் வழியாக வானத்தை எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மழை வரப்போகுதா?"

அடுத்த வாரக் காகிதத்தையும் திருட்டுத்தனமாகப் படித்தார். 'இன்று உனக்கு வேலை எப்படி இருந்தது என்று அவன் ஒருநாள்கூட மனைவியைக் கேட்டதில்லை.' சுருக்கென்றது.

"இன்னிக்கு வேலை எப்படிம்மா இருந்துச்சு?" என்றார் அன்று சாயங்காலம்.

அவள் முதலில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்றானதும் ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. இஸ்திரி இயந்திரத்தின் ஆவி பட்டு மணிக்கட்டு வெந்துபோய் எட்டு நாளாகிறதாம். அந்தத் தழும்பை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"பரீட்சையை நெனச்சாத்தான் பயமா இருக்குங்க. ஃபெயிலாயிட்டா அந்த ஆவியிலயே வெந்து ரிடையராக வேண்டியதுதான்."

"அதெல்லாம் பாஸாயிடுவ. கொண்டா அந்தப் பேப்பரை, நான் கேக்கறேன், நீ சொல்லு." அதுமுதல் தினமும் அவர் வரியைப் படிக்க, அவள் கோடிட்ட இடத்துக்கு வந்ததும் விடை சொன்னாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மூன்றாவது வாரப் பாடம் இறந்தகாலம்.

அவள் மேசைமேல் விட்டுப்போன காகிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனவர், வேலைக்கு நடுவில் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் பிரித்தார். 'ஒரு திங்கட்கிழமை காலை அவன் மனைவி பெட்டியைக் கட்டினாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் போய்விட்டாள்.' வினைச்சொற்கள் எல்லாம் மனைவியின் குண்டு குண்டுக் கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பத்துக்குப் பத்து.

அதற்கு மேல் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி பிரித்துப் போட்ட லிஃப்டை உடன் வேலை பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, கிரீஸ் கையோடு நூலக மாடிக்கு ஓடினார். வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருந்தது. வாத்தியார் மட்டும் தனியாகக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், சலவைக்கூடத்துல இருந்து வர்றாங்களே, அவங்க வீட்டுக்காரன் நான். இந்தக் கதையில வர்ற ஆளு நான்தான். ஒத்துக்கறேன். ஆனா இப்போ திருந்திட்டேன் சார். தினமும் அவ பேசறதைக் கேக்கறேன். அவ கை வெந்தது தெரியும், பரீட்சைக்குப் பயப்படறது தெரியும்." மூச்சு வாங்கியது. "போயிடலாம்னு இருக்காளா? உங்ககிட்ட என்ன சார் சொன்னா?"

வாத்தியார் டஸ்டரைக் கீழே வைத்தார். "உங்களைப் பத்தி அவங்க எங்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லையே."

"அப்புறம் எப்படி சார் எங்க வீட்டுல நடக்கறதை அப்படியே எழுதறீங்க?"

வாத்தியார் காகிதத்தை வாங்கினார். கடைசி வரியில் அவர் பார்வை சற்று நேரம் நின்றது. பிறகு மடிப்புக் கலையாமல் மடித்து, திருப்பிக் கொடுத்தார்.

"அது எங்க வீடு சார்."