கூப்பிட ஒரு பெயர்

"ஆஸ்கர்! அண்ணே! ஆஸ்கர்!"

மூன்றாவது குரலுக்குத்தான் அவன் திரும்பினான். லெட்டூஸ் கீரைப் பெட்டிகளுக்கு நடுவே, மெழுகுவர்த்தி ஏற்றிய கேக்கோடு ஷெட்டே திரண்டு நின்றது.

"சொந்தப் பொறந்தநாளையே மறந்துட்டு நிக்குது பாரு மனுசன்! நாப்பத்தாறு வயசுன்னா சும்மாவா?" என்றான் கூட வேலை பார்க்கும் தாச்சோ.

"இந்த மூஞ்சிக்கு நாப்பத்தாறா? ராத்திரி என்னத்தைப் பூசிக்கிட்டுப் படுக்குறேன்னு எங்களுக்கும் சொல்லேண்ணே," என்றாள் பெட்டி அடுக்கும் இனேஸ்.

பாட்டுப் பாடினார்கள். பிறகு வழக்கம்போல, "கடி! கடி!" என்று கத்தினார்கள். அவன் கேக்கைக் கடிக்கக் குனிந்ததும் தாச்சோ பிடரியில் கை வைத்து அமுக்கினான். மூக்கு, மீசை எல்லாம் க்ரீம். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

ஆபீஸ் நார்மாதான் கேக்கை வெட்டிப் பங்கு வைத்தாள். "நார்மா, உனக்குப் போன்!" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். அவள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். இனேஸ் தோளைத் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"குளிர் மெஷின் போடுற சத்தத்துல இங்க எல்லாருக்குமே காது போயிடுச்சு," என்றான் தாச்சோ, வாய் நிறையக் கேக்கோடு.

கூட்டம் கலைந்ததும் நார்மா திரும்பி வந்தாள். "ஆஸ்கர், கொஞ்சம் ஆபீசுக்கு வாங்க."

உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று ஒவ்வொருவரின் பேப்பரையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது அவள்தான். புது முதலாளி பழைய ஆட்களையும் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வாரமாகவே பேச்சு.

"பேரு, நம்பர், பொறந்த தேதி, எல்லாம் சரியா இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு," என்றாள்.

"அப்புறம் என்ன மேடம்?"

"ஆனா கம்ப்யூட்டர் மூஞ்சியைப் பாக்காது, நான் பாத்தேன். எல்லாரும் பாடினப்ப, யாரோ வீட்டுக் கல்யாணத்துல நிக்கிற மாதிரி நின்னீங்க. நிஜமா உங்க பொறந்தநாள் எப்போ?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயல் முடிகிற இடத்தில் துருநிறத்தில் எல்லைச் சுவர் நின்றது. அதற்கு அப்பால் மெக்சிகோவில் அவன் மகள். அந்தப் பக்கம் போவதை யாரும் தடுக்கப்போவதில்லை. திரும்பி வரத்தான் வழியில்லை. அதனாலேயே ஒன்பது வருடமாக அவன் போகவில்லை. காற்று இந்தப் பக்கம் வீசினால் அவள் ஊர் மாதா கோயில் மணி கேட்கும். அவ்வளவுதான். இந்த வேலையும் போனால் மகளின் படிப்பு நின்றுவிடும்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவனிடம் இதைக் கேட்டதில்லை. பொய் வரவில்லை.

"நவம்பர்ல, மேடம். என் பேரு எலிஹியோ. அந்தப் பேப்பரு வேற ஒருத்தரோடது." குரல் உடைந்தது. "பொண்ணு படிச்சுக்கிட்டிருக்கா. காட்டிக் குடுத்துடாதீங்க."

நார்மா தனக்கென்று எடுத்து வைத்திருந்த கேக் துண்டை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"போன நவம்பருக்கு இது. பொறந்தநாள் வாழ்த்துகள், எலிஹியோ."

மகளுக்கு அவன் அப்பா. மற்ற எல்லாருக்கும் ஆஸ்கர். தன் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று! கேக்கில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தான்.

"ரொம்ப நன்றி, நார்மா மேடம்."

அவள் எழுந்துபோய், சாத்திய கதவை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"என்னை ஒரே ஒரு தடவை 'எடெல்மீரா'ன்னு கூப்பிடுறீங்களா?"