ஆடி இல்லாத ஊர்

முகம் பார்க்கும் ஆடி எதுவும் இல்லாத ஊர் அது. பொட்டு வைக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவர் விழிகளை விரித்துக் காட்டுவார். மற்றவர் குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்வார். அப்படி உதவும் கண்ணைத்தான் அவர்கள் கண்ணாடி என்றார்கள். கணவனை இழந்தவளுக்கு மட்டும் அங்கே யாரும் கண் கொடுப்பதில்லை.

பூவழகிக்குக் கண்ணாடி அவள் கணவன் மாசிலன்.

"அசையாம இருங்க. பொட்டு கோணிக்கிட்டுப் போகுது."

"கோணல் பொட்டு இல்லடி, உன் நெத்தி."

இன்று விடிந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது. கண்கள் திறந்தே இருந்தன. பொட்டை அழிக்க வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"அண்ணி, அண்ணன் கண்ணை மூடிவிடுங்க" என்றாள் நாத்தனார் செண்பகம்.

"கடைசியா என் மூஞ்சியைப் பார்த்துக்கறேன், செண்பகம்."

பூவழகி குனிந்தாள். அவன் விழிகள் பால் படர்ந்தாற்போல் மங்கியிருந்தன. முந்தானையால் மெல்லத் துடைத்துப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. "நீயாவது கொஞ்சம் காட்டேன்" என்று செண்பகத்திடம் திரும்பினாள்.

செண்பகம் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களும் மூடியிருந்தார்கள். அந்த அறையில் அவள் கண்களைத் தவிரத் திறந்திருந்தவை அவன் கண்கள் மட்டுமே.