ஆடிட்டர் வீட்டு நோடு

“முதல்ல அந்தக் கார்ட்டூனை நிறுத்தச் சொல்லுங்கம்மா!”

மாடி வீட்டு நர்ஸ் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, கீழ்வீட்டு ஆடிட்டர் பொரிந்து தள்ளினார். டியூட்டி முடிந்து வந்தவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே அவளுடைய வாண்டுகள் இரண்டும் டிவி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தன.

“சத்தம் அதிகமா இருக்கா சார்?”

“சத்தம் இல்லம்மா, நெட்! சாயங்காலம் ஆனா போதும், என் நோடு படுத்துடுது.”

“ஐயையோ, யாருக்கு சார் உடம்பு சரியில்லை?”

ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பொறுமையை வரவழைத்துக்கொண்டு விளக்கினார்.

கிரிப்டோ நாணயம் என்று ஒன்று. அதை யார் யாருக்கு அனுப்பினாலும், கணக்கு சரிதானா என்று உலகம் முழுக்கப் பல வீடுகளில் இருக்கும் பெட்டிகள் சரிபார்க்கும். அந்தப் பெட்டிதான் நோடு. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, தப்பும் தவறுமாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, ஒருவழியாக அவரும் தன் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு மேல் ஒன்றை ஓட வைத்திருந்தார்.

“ஆரம்பத்துலேர்ந்து இருக்கிற மொத்தக் கணக்கையும் அது டவுன்லோடு பண்ணி முடிக்கணும். தொண்ணூறு சதவீதம் வந்து நொண்டி அடிக்குது!”

“நல்ல வருமானமா சார் அதுல?”

“ஒரு பைசா வராது. இது கொள்கைம்மா! பேங்க் கிடையாது, முதலாளி கிடையாது. எவன் தயவும் இல்லாம மனுஷன் சொந்தக் கால்ல நிக்கலாம். அப்படிப்பட்ட விஷயத்தை உங்க டிவியில ஒரு யானை டான்ஸ் ஆடிக் கெடுக்குது!”

“எங்க டிவி எப்படி சார்...?”

“ஒரே கட்டடம்தானே? தொட்டித் தண்ணி மாதிரிதான். நீங்க மேல திறந்துவிட்டா எனக்குக் கீழ சொட்டுதான்.”

நர்ஸ் அவரையே பார்த்தாள். பிறகு திரும்பி, டிவி பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்த தன் வைஃபை ரௌட்டரைப் பார்த்தாள்.

“சரி சார். நிறுத்திடுறேன்.”

டிவி அணைந்தது. வாண்டுகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அந்த வாரமே பெட்டி நூறைத் தொட்டுவிட்டது. ஆடிட்டரின் கால் தரையில் பாவவில்லை. பார்சல் கொண்டுவந்த கூரியர்காரரைக்கூட விடவில்லை. செருப்பு ஸ்டாண்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்துக் கொள்கை விளக்கம் கொடுத்தார்.

“புரியுது சார், கையெழுத்துப் போடுறீங்களா?” என்றார் அவர் பரிதாபமாக.

ஆடிட்டர் மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. மொட்டை மாடியில் யூனிஃபார்மைக் காயப்போட்டுக்கொண்டிருந்த நர்ஸிடம் போய் நின்றாள்.

“அவர் கத்தினதை மனசுல வெச்சுக்காதேம்மா. பாவம், குழந்தைங்க முகமே வாடிப்போச்சு. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் பிடிபடல. உங்க நெட் உங்களுக்கு, எங்க நெட் எங்களுக்கு. நீங்க கார்ட்டூன் பார்த்தா எங்களுக்கு எப்படிக் குறையும்?”

நர்ஸ் வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, சங்கடப்படுவார். உங்க லைன் ரிப்பேர்னு அன்னிக்கு ஒருநாள் எங்க வைஃபை பாஸ்வேர்டை வாங்கிட்டுப் போனாரில்ல? பெட்டியை அதுலயே மறந்து விட்டுட்டார். நாளையிலேர்ந்து பெரிய பிளானா மாத்தச் சொல்லியிருக்கேன். அவர் பெட்டியும் ஓடட்டும், பசங்களும் பார்க்கட்டும்.”