இரணியல் அபினேஷ்

"பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"அபினேஷ்."

"ஊரு?"

"திருவட்டாறு."

"ஏலே, இரணியல்! எத்தன தடவ சொல்லுகது? நீ இந்த ஊருப் பய. இஞ்ச ஆறு மாசமா படிக்க. கேட்டியா?"

"சாரி சார். இரணியல்." பிகாஷ் பல்லைக் காட்டினான். ஒடிசாவிலிருந்து வந்தவன்தான். ஆனால் பத்து வருடமாக இந்தப் பக்கமே கட்டிட வேலை, பட்டறை வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அசல் உள்ளூர்க்காரன்.

ஆன்ஸ்லினுக்கு வியர்த்துக் கொட்டியது. அவன் நடத்துவது இளைஞர்களுக்கு மரவேலையும் இரும்புவேலையும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையம். அரசாங்க அனுமதியைப் புதுப்பிக்க இன்று அதிகாரி வருகிறார். மாணவன் ஒருவன் அவர் கண் முன்னால் வேலை செய்துகாட்ட வேண்டும். அங்கேதான் இடித்தது.

மாணவர்கள் இல்லாமல் இல்லை. இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் வளைகுடா விசாவுக்குச் சான்றிதழ் வேண்டி வந்தவர்கள். ஏசி அறையில், பெரிய திரையில் மரம் அறுப்பதைப் பார்த்தே பாதிப் படிப்பை முடித்திருந்தார்கள். உளியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டால் நான்கு விடைகளில் சரியானதை டிக் அடிப்பார்கள். உளியைக் கையில் கொடுத்தால்தான் தொல்லை. போன வாரம் ஒத்திகையில் ஒருவன் பலகையை விட்டுவிட்டு மேசையை அறுத்துவிட்டான். அவன்தான் நிஜ அபினேஷ். இன்று காலையிலேயே அவனைக் குளச்சலுக்கு மீன் வாங்க அனுப்பியாயிற்று. மற்றவர்கள் சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எவனும் எதையும் தொடக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

அனுமதி போனால் ஆன்ஸ்லினுக்கு மறுபடியும் ஷார்ஜாதான். மகளுக்கு இப்போதுதான் அவன் முகம் பழகியிருக்கிறது; தூக்கினால் அழாமல் இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு இன்னொரு முறை விமானம் ஏற அவனால் முடியாது. அதை நினைத்துத்தான், வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு நாள் கூலிக்கு ஒரு மாணவனைப் பிடித்து வந்தான்.

அதிகாரி கோலப்பன் வந்து இறங்கினார். சிரிப்பதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்பது போன்ற முகம்.

"படம் ஓட்டிக் காட்டாதயும், ஆன்ஸ்லின். ஒரு பயல வரச்சொல்லும். ரெண்டு பலாக்கட்டைய ஆணியில்லாம சேக்கணும்."

பிகாஷ் பவ்யமாக வந்தான். ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற நாக்கு. உளி சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டையும் பொருத்தி இரண்டு தட்டுத் தட்டினான். கோலப்பன் இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"பேரென்னடே?"

"அபினேஷ் சார்."

"ஊரு?"

ஆன்ஸ்லின் மனதுக்குள் ஜெபித்தான்.

"இரணியல் சார். ஸ்டேஷன் பக்கத்துல வீடு."

சொல்லிக் கொடுக்காததையும் சேர்த்துச் சொல்கிறானே! ஆன்ஸ்லினுக்கு உயிர் வந்தது.

"யாருடே ஒனக்கு இதப் படிப்பிச்சது?"

"நம்ம ஆன்ஸ்லின் சார்தான்," என்று பிகாஷ் கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு நிமிடம் ஆன்ஸ்லினே அதை நம்பிவிட்டான்.

கோலப்பன் செல்போனைத் தூக்கினார். பிகாஷ் சட்டென்று குனிந்து மரத்தூளைக் கூட்ட ஆரம்பித்தான்.

"பயலுக்கு வெக்கம் சார்."

"போட்டும், போட்டும்." கோலப்பன் பலாக்கட்டையை மட்டும் படம் பிடித்துக்கொண்டார்.

பிறகு டீயும் பழம்பொரியும் வந்தன. கோலப்பன் வெளியே போய் யாருடனோ வெகு நேரம் போனில் பேசினார். திரும்பி வந்தபோது அந்த முகத்தில் அதிசயமாக ஒரு சிரிப்பு இருந்தது.

"உள்ளதச் சொல்லுகேன், ஆன்ஸ்லின். நான் இத எதிர்பாக்கல. நாங்க மூணு ஆபீசர், இந்த வாரம் ஆளுக்கொரு நாளா, ஆளுக்கொரு சென்டரா பாத்தோம். மூணு எடத்துலயும் ஒவ்வொரு தங்கமான பய இருக்கான்!"

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சார். அப்போ அனுமதி?"

"கெடச்ச மாதிரிதான். வெள்ளிக்கிழம நாகர்கோவில்ல விழா. கலெக்டர் வாறாங்க. மரவேலைக்கு ஒம்ம அபினேஷ், வெல்டிங்குக்குத் திருவட்டாறு சிஜின், லேத்துக்குத் தக்கலை பிரைட்டன். மூணு பேரும் ஒரே மேடையில, ஒரே நேரத்துல செஞ்சு காட்டணும். அத அவங்க கண்ணால பாத்துட்டுதான் அனுமதியில கையெழுத்துப் போடுவாங்க. பயல விட்டுராதயும், என்ன?"

"எப்படி சார் விடுவேன்? கூடப்பிறந்த தம்பி மாதிரில்லா வச்சிருக்கேன்!"

ஜீப் தெருமுனை தாண்டியதும் ஆன்ஸ்லின் ஓடிப்போய் பிகாஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மக்கா, என் பிள்ளைய என்கிட்ட இருந்து பிரிக்காம காப்பாத்திட்டடே! வெள்ளிக்கிழமையும் வந்துரு. நீ என்ன கேட்டாலும் தாறேன்."

பிகாஷ் சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"வாறதுக்கென்ன சார், வாறேன். ஆனா அந்தச் சிஜினும் பிரைட்டனும்கூட நான்தானே... மூணு பேரா எப்படி சார் மேடையில நிக்கது?"