இதமாகப் படிக்கும் மென்பொருள்

பார்வையற்ற பிலவேந்திரனுக்குக் கணினித் திரையைப் பல வருடமாக ஒரே மென்பொருள்தான் வாசித்துக் காட்டியது. மனம் நோகாமல் இதமாகப் படிக்கும் என்று எல்லோரும் விரும்பி வாங்கியது அது. அலுவலகத்துக்கு வேறொன்று வந்ததும், ஒப்பிட்டுப் பார்க்க, தங்கை ஜெசிந்தா போன வருடம் அனுப்பிய மின்னஞ்சலை இரண்டிலும் போட்டார்.

“அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. தோதுப்படும்போது வாங்கண்ணா” என்றது பழையது. அதை நம்பித்தான் அன்று ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருந்துவிட்டார். சனிக்கிழமையே சாவுச் செய்தி வந்தது. ஜெசிந்தா அதன்பிறகு அவரோடு பேசவில்லை.

புதியது உள்ளதை உள்ளபடி படித்தது: “அம்மா இன்னைக்குத் தாங்க மாட்டாங்க. உங்களத்தான் கேக்குறாங்க. உடனே வாங்கண்ணா.”

“எது சார் நல்லாருக்கு?” என்றாள் பக்கத்து மேசை சுகந்தி.

அவர் தங்கைக்குத் தட்டச்சு செய்தார்: “நீ எழுதினது இன்னைக்குத்தான் என் காதுல விழுந்துச்சும்மா.”